ரப்பர் பையும் ஒரு கோடும்: ‘தி ஹேக்கர்ஸ் டயட்’ – ஒரு மறுவாசிப்பு

எடைக் குறைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள், நடிகர்கள், ஜிம் பயிற்சியாளர்கள். ஜான் வாக்கர் இந்த மூன்றிலும் சேராதவர். 1982ல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், அடிப்படையில் ஒரு ப்ரோக்ராமர். ஆட்டோகேட் தெரியாத சிவில், மெக்கானிக்கல்காரர்கள் நம்ம ஊரில் கிடையாது. அந்த நிறுவனத்தை நடத்திய மனுஷன் 1991ல் ‘தி ஹேக்கர்ஸ் டயட்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கூடவே எக்செல் தாள்களையும் சேர்த்து இலவசமாகவே கொடுத்தார். துணைத் தலைப்பே கிண்டல்தான்: மன அழுத்தத்தாலும் மோசமான சாப்பாட்டாலும் எடையையும் தலைமுடியையும் இழப்பது எப்படி. 2024 பிப்ரவரியில் வாக்கர் காலமானார். புத்தகம் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

இதை இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை, அதன்படி நடந்து பார்ப்பதற்காக. இரண்டாவது தடவை போன மாதம், 1991க்குப் பிறகு வந்த ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் புத்தகத்தின் கணக்கு தவறு, அது தரும் கருவி சரி. கருவியை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டால் லாபம். இரண்டையும் சேர்த்து நம்பினால், மூன்றாவது வருஷம் நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டி வரும். அந்தத் திட்டுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

புத்தகம் சொல்வது என்ன?

வாக்கருடைய முதல் படம், உடம்பு என்பது ஒரு ரப்பர் பை. ஒரு பக்கம் சாப்பாடு உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் உழைப்பாகவும் வெப்பமாகவும் வெளியே போகிறது. உள்ளே போவது அதிகமானால் பை வீங்கும், குறைந்தால் சுருங்கும். ஒரு பவுண்டு கொழுப்புக்கு 3500 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஒரு பவுண்டு. அவ்வளவுதான் விஷயம் என்கிறார்.

இரண்டாவது படம், ‘ஈட் வாட்ச்’. நம் வசதிக்கு அதைச் சாப்பாட்டுக் கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒல்லியாகவே இருக்கிறவர்களுக்கு எப்போது சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சரியாகச் சொல்கிறது. நமக்கு அது பழுது. கண் சரியில்லை என்றால் கண்ணாடி போடுகிறோம் இல்லையா, அதே மாதிரி இதற்கும் வெளியே ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொள்வோம் என்கிறார். அந்த வெளிக் கடிகாரம்தான் தினசரி எடையும், அதிலிருந்து வரையும் ட்ரெண்ட் கோடும்.

மூன்றாவது, கொஞ்சம் தத்துவம். இஞ்சினியர் ஒரு பிரச்சினையைச் சரிசெய்யப் பார்ப்பார், ஒருதடவை சரிசெய்தால் முடிந்தது. மேனேஜர் அதைத் தினமும் சமாளித்துக்கொண்டே இருப்பார். எடைக்கு இரண்டும் வேண்டும் என்பது வாக்கரின் கட்சி. இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர் என்பதால் இந்தப் பகுதி நம்பும்படி இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது இதன் தொனி. குண்டாக இருப்பதை ஒழுக்கக் கேடாக அவர் எங்கேயும் பேசவில்லை. சென்சார் கோளாறு, அவ்வளவுதான். “வாயைக் கட்டத் தெரியாதவன்” என்று கல்யாண வீட்டில் சித்தப்பா சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தொனியே பாதி மருந்து.

3500 என்ற எண்

இந்த எண்ணை வாக்கர் கண்டுபிடிக்கவில்லை. மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958ல் எழுதிய கட்டுரையிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. ஒரு பவுண்டு கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ அவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது சரிதான். அந்த எண்ணை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதில்தான் தகராறு.

ஒரு உதாரணம் போடுவோம். ஒருவர் தினமும் 250 கலோரி குறைக்கிறார். இரண்டு தோசையையும் சட்னியையும் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு 7700 கலோரி என்ற கணக்கில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12 கிலோ குறைய வேண்டும். மூன்று வருஷத்தில் 35 கிலோ. பத்து வருஷம் ஓட்டினால் ஆளே இருக்க மாட்டார். விடை அபத்தமாக வருகிறது என்றால் மாடலில் எதையோ விட்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

விட்டது என்ன? பை சுருங்கினால் வெளியே போவதும் குறையும். சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. இதைக் கணக்கில் சேர்த்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2011ல் ‘லான்செட்’ இதழில் ஒரு மாடலை வெளியிட்டார்கள். அதன் சுருக்கம்: தினசரி 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் வருஷத்தில், 95 சதவீதம் மூன்று வருஷத்தில்.

நம் தோசைக்காரருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் முதல் வருஷம் சுமார் 5 கிலோ, மூன்று வருஷத்தில் சுமார் 10 கிலோ, அதோடு நின்றுவிடும். வாக்கர் கணக்கில் முதல் வருஷமே 12. அதாவது, சொன்னபடி ஒழுங்காக நடந்த மனுஷன் பாதி மார்க்கூட வாங்காதவன் மாதிரித் தெரிவான். எங்கே ஏமாற்றினேன், எந்த நாள் ஒளித்துத் தின்றேன் என்று யோசிக்க ஆரம்பிப்பான். அவன் ஏமாற்றவே இல்லை. ஃபார்முலா ஏமாற்றியது.

மின்சுற்று படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற வளைவு இது, முதலில் வேகம், போகப்போகத் தட்டை. வாக்கர் அதை நேர்கோடாக வரைந்துவிட்டார்.

கடிகாரம் பழுதல்ல

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. சாப்பாட்டுக் கடிகாரம் என்பதை வாக்கர் ஒரு உவமையாகத்தான் எழுதினார். மூன்றே வருஷம் கழித்து, 1994ல், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன், இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. ஆக, கடிகாரம் உண்மையிலேயே இருக்கிறது. அது பழுதாகி நிற்கவும் இல்லை. கொழுப்பு குறைந்தால் “இருப்பு குறைகிறது, சாப்பிடு” என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு பலமாக அடிக்கிறது? ஹால் குழுவினரின் 2016 கட்டுரை ஒன்று இதை அழகாக அளந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மாத்திரையின் பரிசோதனைத் தரவை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே தினமும் ஏறக்குறைய 360 கலோரி இழந்தார்கள். எடை கொஞ்சம் குறைந்து, பிறகு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது கிடைத்த விடை: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினமும் சுமார் 100 கலோரி ஏறுகிறது. செலவு குறைவதோ கிலோவுக்கு 20, 30 கலோரிதான். கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களின் பாஷையில், இது பெரிய கெயின் வைத்த ஃபீட்பேக் லூப். 5 கிலோ குறைத்தவர் பழைய அளவைவிட 500 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லும் ஒரு இழுப்போடு தினமும் மல்லுக்கட்டுகிறார்.

இது கொஞ்ச நாளில் அடங்கிவிடுமா? ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து, ஒரு வருஷம் கழித்தும் அளந்தார்கள். 2011ல் வந்த அந்த முடிவின்படி, பசியைத் தூண்டும் ஹார்மோன்களின் மாற்றம் ஒரு வருஷம் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு இன்னும் கடுமை. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பிவந்திருந்தது. ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்தது, அந்த உடம்பு அளவுக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

வாக்கரின் புத்தகம் இங்கேதான் சறுக்குகிறது. எடையைக் குறைக்கும் காலம்தான் கஷ்டம், இலக்கைத் தொட்டபின் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும், எப்போதைக்குமான கட்டுப்பாடு வந்துவிடும் என்ற நம்பிக்கை அதன் பக்கங்கள் முழுக்க ஓடுகிறது. ஆய்வுகள் சொல்வது நேர் எதிர்: குறைப்பது சுலபமான பாதி, வைத்திருப்பதுதான் வேலை.

எங்கள் டீமில் முன்பு ஒருவர் இருந்தார். 12 கிலோ குறைத்தார். ஆறு மாதம் எல்லோருக்கும் அவர்தான் உதாரணம், கேன்டீனில் அவர் தட்டை எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருஷத்தில் 10 கிலோ திரும்பி வந்தது. “என்ன சார், மறுபடி போட்டுட்டீங்க போல” என்று நாலு பேர் கேட்டதும், எடை மெஷினைப் பரணில் போட்டுவிட்டார். “எனக்கு மன உறுதி பத்தாதுங்க” என்றுதான் என்னிடம் சொன்னார். இரண்டு வருஷம் நாளுக்குப் பல நூறு கலோரி இழுப்பை எதிர்த்து நின்ற மனுஷன் அவர். அதற்கு மன உறுதி பத்தாமை என்று பேர் வைத்தது யார்? 3500 என்ற எண்தான் வைத்தது. நேர்கோட்டைக் காட்டி, அதில் இல்லாதவன் தவறு செய்தவன் என்று சொன்னது அதுதான்.

இன்றைக்கு வந்திருக்கும் செமாக்ளூடைட் ஊசிகளும் இதையே உறுதி செய்கின்றன. அவை பசியின் சிக்னலையே மாற்றுகின்றன, எடை இறங்குகிறது. ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்ததில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி நின்றதும் ஒருவருடைய குணமா மாறிவிடுகிறது? சிக்னல்தான் மாறுகிறது. ஊசியில்லாமல் குறைத்தவருக்கும் அதே நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் கோடு

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன்? அதன் இரண்டாம் பாதிக்காக.

தினமும் காலையில் எடை பாருங்கள். நேற்றைய ட்ரெண்டுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை நேற்றைய ட்ரெண்டோடு சேருங்கள். அதுதான் இன்றைய ட்ரெண்ட். நேற்று 82.0, இன்று மெஷின் 83.0 காட்டுகிறது என்றால் ட்ரெண்ட் 82.1. கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், இரண்டு அப்பளம் என்று முந்தின நாள் போன உப்புக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான். கோடு அதை நம்ப மறுக்கிறது.

இதன் தன்மையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து சதவீத ஸ்மூத்திங் தினசரி ஏற்ற இறக்க இரைச்சலைக் கால்வாசிக்கும் கீழே, ஏறத்தாழ 23 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறது. (தினசரி இரைச்சல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால்.) 700 கிராம் ஆட்டம் 160 கிராம் ஆகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை தாமதம்: சீராக எடை குறைகிறபோது கோடு 9 நாள் பின்தங்கி வரும். வாரத்துக்கு அரை கிலோ குறைகிறவருக்குக் கோடு உண்மையைவிட 640 கிராம் மேலே நிற்கும். ஆனால் சாய்வு சரியாக இருக்கும், நமக்குத் தேவை சாய்வுதானே. ஒரு பேப்பர், ஒரு பென்சில், ஒரு கழித்தலில் இவ்வளவு தருகிற ஃபில்டரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முக்கியமானது இதுதான். கோட்டுக்கு எந்த மாடலும் தேவையில்லை. 3500 சரியா 7000 சரியா என்று அது கேட்பதில்லை. ஏறுகிறதா, கொஞ்சம் குறை. நிற்கிறதா, நிற்கிறது என்று தெரிந்துகொள். வாக்கரே சாப்பாட்டுத் திட்டத்தைக் கோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளத்தான் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் புத்தகத்தின் இரண்டாம் பாதி முதல் பாதியைத் தேவையில்லாததாக ஆக்கிவிடுகிறது. கணிப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அளவீடு நேர்மையாக இருந்தால் லூப் வேலை செய்யும். கண்ட்ரோல் இஞ்சினியரிங்கின் அடிப்படைப் பாடமே அதுதான்.

நம்ம சமையலறைக்கு இது ரொம்ப ஒத்துவரும். பெட்டியின் மேல் கலோரி அச்சிட்ட உறைநிலை உணவு சாப்பிடும் அமெரிக்கத் தனிக்கட்டைக்குக் கூட்டல் சுலபம். நம் வீட்டில் சாம்பார் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிறது, தாளிப்பு எண்ணெய் கையளவு, பரிமாறுகிறவர் அம்மாவோ மாமியாரோ. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் போட்ட அட்டவணை அருமையானது, ஆனால் அது பெரும்பாலும் சமைக்காத பொருட்களுக்கு. என் வத்தக்குழம்பில் இன்று எத்தனை கலோரி என்று எந்த ஆப்பாலும் சொல்ல முடியாது. கோட்டுக்கு அது தெரியவே வேண்டாம். சோற்றுக் கரண்டியில் ஒன்று குறைத்து மூன்று வாரம் சாய்வைப் பார்த்தால் போதும்.

கோடு பார்க்காதது

கோட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. அது எடையை மட்டும் பார்க்கிறது. 2004ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு படம் பிரபலம். புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. மேற்கத்திய உயர எடை அட்டவணையில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டது என்று நம்மவர் நிம்மதியாக இருக்க முடியாது. இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை என்று கொள்வது இதனால்தான். மெஷினோடு ஒரு இஞ்ச் டேப்பும் வேண்டும்.

உடற்பயிற்சி விஷயத்திலும் இதே கதை. கனடா விமானப்படைக்காக பில் ஓர்பன் உருவாக்கிய ஃபைவ் பி எக்ஸ் முறையை ஒட்டி, தினமும் கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு ஏணியை வாக்கர் தருகிறார். பயிற்சியால் மட்டும் எடை குறையாது, அது ஆரோக்கியத்துக்கு என்று தெளிவாகவே சொல்கிறார். 1991க்கு அது துணிச்சலான நேர்மை. ஆனால் அந்த ‘ஆரோக்கியம்’ எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் அவர் நிற்கவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை! வாக்கரின் கோடு அந்தப் பிரிவு முழுவதையும் ‘முன்னேற்றமில்லை’ என்று காட்டியிருக்கும்.

ஆக, என்ன செய்யலாம்?

அறுவை சிகிச்சையும் ஊசியும் இல்லாமல் உணவாலும் உழைப்பாலும் எடை குறையுமா என்று கேட்டால், குறையும். ஆனால் எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நீரிழிவு உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வில், தீவிர உணவு, உடற்பயிற்சிப் பிரிவில் எட்டு வருஷம் கழித்துச் சராசரி இழப்பு 4.7 சதவீதம். பாதிப்பேர் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து வைத்திருந்தார்கள். 90 கிலோக்காரருக்கு அது நாலரை கிலோ. விளம்பரப் படத்துக்கு உதவாத எண்தான். ஆனால் எட்டு வருஷம் நின்ற எண்.

வாக்கரின் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று. முதல் பாதியின் தேதிக் கணிப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள், ‘இத்தனாம் தேதி இந்த எடை’ என்று எதையும் எழுதி ஒட்டாதீர்கள். கோட்டை வரையுங்கள், ஆனால் இலக்கைத் தொட்டதும் நிறுத்தாதீர்கள், வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வருஷம் கழித்துக் கோடு தட்டையானால் அதைத் தோல்வி என்று படிக்காதீர்கள். தட்டையான கோடு என்றால் ஒரு பெரிய இழுப்பை நீங்கள் தினமும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் அந்தக் கோட்டை மூன்று வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் வருஷம் 86லிருந்து 80க்கு வந்தது. அதற்குப் பிறகு 79க்கும் 81க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது. வாக்கர் கணக்குப்படி நான் இந்நேரம் 60ல் இருக்க வேண்டும். ஹாலின் வளைவை அதன்மேல் வைத்தால் ஏறக்குறைய பொருந்துகிறது.

அந்த எக்செல் தாளில் இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்து, தமிழில் தலைப்புகள் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமென்கிறவர்கள் சொல்லுங்கள். எடை மெஷினைப் பரணில் ஏற்றிய நண்பருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், கணிப்புப் பகுதியை அழித்துவிட்டு.